மனச்சிதைவின் முகங்கள்



மனச்சிதைவு நோய் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு உருவங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, பேருந்து நிலையத்தில் கிழிந்த உடையோடு தனக்குத்தானே பேசிக்கொண்டு நடப்பவர். இன்னொன்று, பகலில் ஒருவனாகவும் இரவில் வேறொருவனாகவும் மாறுகிற சினிமா நாயகன். அந்த நாயகனை இப்போதே ஒதுக்கிவிடுகிறேன். 2005இல் வந்த 'அந்நியன்' படம் காட்டியது ஒரே உடலில் பல ஆளுமைகள் என்கிற வேறொரு நிலை. அதற்கும் மனச்சிதைவுக்கும் தொடர்பு கிடையாது. பேருந்து நிலையத்தில் இருப்பவரோ, பல ஆண்டுகள் வைத்தியம் கிடைக்காமல், வீட்டையும் உறவையும் இழந்த பிறகு அங்கே வந்து சேர்ந்தவர். அவர் அங்கே வருவதற்கு முன்னால், நம் தெருவிலேயே ஒரு வீட்டில், சாத்திய கதவுக்குப் பின்னால் சில ஆண்டுகள் இருந்திருப்பார். அந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. 300 பேருக்கு ஒருவர். நம் நாட்டில் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடந்தது. மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவர் சிகிச்சைக்கு வெளியே இருப்பது அதில் தெரியவந்தது. நோய் வருகிற வயதையும் நினைத்துப் பாருங்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் 18இலிருந்து 25க்குள். பெண்களுக்குச் சில ஆண்டுகள் தள்ளி வருகிறது. சிலருக்கு 40ஐத் தாண்டியும் வருவதுண்டு. படிப்பு முடிகிற நேரம், முதல் வேலை, கல்யாணப் பேச்சு, கைக்குழந்தை. ஒரு மனிதர் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கும்போது வருகிற நோய் இது.

உங்களில் சிலர் வீட்டில் பழைய மருத்துவக் கோப்பு இருக்கலாம். அதில் 'பாரனாய்ட் ஸ்கிசோஃப்ரினியா' என்றோ, வெறுமனே எஃப் 20.0 என்றோ எழுதியிருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கோப்பில் வேறு பெயர் இருக்கும். "டாக்டர், எங்க பையனுக்கு வந்திருக்கறது எந்த வகை? அது குணமாகிற வகையா?" என்று என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஜெர்மனியின் கெர்லிட்ஸ் என்ற ஊரில் ஒரு தனியார் மனநல விடுதியில் இரண்டு மருத்துவர்கள் வேலை பார்த்தார்கள். கார்ல் கால்பாம், எவால்ட் ஹெக்கர். 1871இல் ஹெக்கர் இளம் வயதினரிடம் தாம் கண்ட ஒரு நோயை விவரித்தார். காரணமில்லாத சிரிப்பு, தொடர்பறுந்த பேச்சு, குழந்தைத்தனமான நடத்தை. அதற்கு ஹெபிஃப்ரினியா என்று பெயரிட்டார். மூன்றாண்டு கழித்து, 1874இல், கால்பாம் உடல் உறைந்துபோகிற நிலையை விவரித்து கேட்டடோனியா என்றார். இவற்றோடு சந்தேகமும் துன்புறுத்தப்படும் உணர்வும் மேலோங்கிய நிலையையும் சேர்த்து, மூன்றும் ஒரே நோயின் வடிவங்கள் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தவர் எமில் கிரெப்லின். 1911இல் சூரிச்சைச் சேர்ந்த ஆய்கன் பிளாய்லர் இதைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். நோய்க்கு ஸ்கிசோஃப்ரினியா என்று இன்று வழங்குகிற பெயரைக் கொடுத்தவர் அவர்தான். எளிய வகை என்று நான்காவது ஒன்றையும் அவர் சேர்த்துக்கொண்டார். அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் முக்கியம்.

இந்த வடிவங்களை நம் வீடுகளில் எப்படிப் பார்க்கிறோம்?

பாரனாய்ட் என்ற சந்தேக வகைதான் அதிகம் தெரிந்தது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருநாள் அம்மாவிடம், "இந்தச் சாப்பாட்டுல என்ன கலந்திருக்கே?" என்று கேட்கிறான். தட்டை நகர்த்திவிட்டுக் கடையில் வாங்கிய பிஸ்கெட்டை மட்டும் சாப்பிடுகிறான். எதிர்வீட்டு சிசிடிவி தன்னையே பார்ப்பதாகச் சொல்கிறான். செல்போனைப் பிரித்துப் போடுகிறான். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் தன்னைத்தான் குறிப்பிடுகிறார் என்று நம்புகிறான். ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே நோயாளி, பங்காளி வீட்டில் செய்வினை வைத்துவிட்டார்கள் என்றிருப்பார். நோய் அன்று எடுத்துக்கொண்ட பொருள் தகடும் எலுமிச்சையும். இன்று கேமராவும் ஹேக்கிங்கும். பயம் மட்டும் அதே பயம். அந்தப் பயத்தை யாரும் குறைத்து மதிப்பிடாதீர்கள். தன்னைக் கொல்ல ஆள் வருவதாக முழுமையாக நம்புகிற ஒருவர் ராத்திரி எப்படித் தூங்குவார்?

அப்படிப்பட்டவரிடம் வாதம் செய்து பயனில்லை. "பைத்தியக்காரத்தனமா பேசாதே" என்றால் நீங்களும் எதிரிகள் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள். "ஆமாம், எதிர்வீட்டுக்காரன் மோசமானவன்தான்" என்று ஒத்துப்போவதும் தவறு. "உனக்கு ரொம்பப் பயமா இருக்குன்னு தெரியுதுப்பா. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லலாம். அது உண்மையும்கூட.

இரண்டாவது, உடல் உறைகிற வகை. ஒரு பெண் அடுப்படியில் கரண்டியைப் பிடித்த கையோடு மணிக்கணக்கில் நிற்கிறார். பேச்சில்லை, சாப்பாடில்லை. கையை உயர்த்திவிட்டால் உயர்த்திய இடத்திலேயே நிற்கிறது. மேற்கு நாடுகளில் அரிதாகிவிட்டதாகச் சொல்லப்படும் இந்த வடிவத்தை நம் அரசு மருத்துவமனைகளில் இன்றும் பார்க்கிறோம். வீட்டார் முதலில் கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துப் போகிறார்கள். நம்பிக்கையோடு போவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மூன்று நாள் தண்ணீர்கூட இறங்காமல் கிடக்கும் உடம்பு ஆபத்தில் இருக்கிறது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து உயிரே போகலாம். இதில் வேதனை என்னவென்றால், மனநோய்களிலேயே மிக விரைவாகக் கலைக்கக்கூடிய நிலைகளில் இது ஒன்று. லோராசிபாம் என்ற ஊசி போட்டுச் சில மணி நேரத்திலேயே வாய் திறந்து தண்ணீர் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்துக்குக் கலையாதபோது மின்சிகிச்சை கைகொடுக்கும். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் அதைச் செய்ய வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. படங்களில் வாயைக் கட்டி, நோயாளி துடிக்கத் துடிக்கக் காட்டுவதை நம்பி இந்தச் சிகிச்சையை மறுத்துவிடாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உறைநிலை எல்லாமே மனச்சிதைவு ஆகாது. கடும் மனச்சோர்விலும் வரும், மூளை அழற்சியிலும் வரும். அதனால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் மூளை ஸ்கேனும் கேட்பார்கள். காய்ச்சலோ வலிப்போ சேர்ந்து வந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஹெக்கர் சொன்ன சிதறல் வகை பள்ளி, கல்லூரி வயதிலேயே தொடங்குவது. பேச்சு ஓரிடத்தில் தொடங்கி, இடையில் கோர்வை அறுந்து, எங்கோ போய் நிற்கும். இழவு வீட்டில் சிரிப்பு வரும். "திமிர்" என்று அடி வாங்குகிற பிள்ளைகள் இவர்கள்.

இனி பிளாய்லர் சேர்த்த எளிய வகை. இதில் மாயக் குரலில்லை, சந்தேகமில்லை, உறைவுமில்லை. பிள்ளை மெல்ல மெல்லப் பின்வாங்குகிறான். முதலில் நண்பர்கள் வருவது நிற்கிறது. பிறகு கல்லூரிக்குப் போவது. குளிப்பது, சவரம் செய்வது, துணி மாற்றுவது எல்லாம் ஒவ்வொன்றாகப் போகிறது. முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, துக்கமும் இல்லை. கேட்டால் ஒரு சொல்லில் பதில். மருத்துவர்களே இந்த வகையை உறுதியாகக் கண்டறியத் தயங்குவார்கள். பல வீடுகளில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது: சோம்பேறி.

சரி, இத்தனை வகைகளைச் சொன்னேன். இப்போது இவற்றை மருத்துவ உலகம் கைவிட்டுவிட்டது என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் இந்த உள்வகைகள் நீக்கப்பட்டன. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்ப் பட்டியலிலும் இல்லை. காரணம் எளிது. ஒரே மனிதர் ஒரு வகையில் நிற்பதில்லை. இருபது வயதில் சந்தேகத்தோடு வந்தவர், இருபத்தைந்தில் உறைநிலையில் வருவார். நாற்பதில் எந்தச் சந்தேகமும் இல்லாமல், பேச்சுக் குறைந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எந்த மருந்து கேட்கும், யாருக்குக் குணமாகும் என்பதையும் வகையை வைத்துச் சொல்ல முடியவில்லை. மார்கழியிலும் சித்திரையிலும் ஒரே ஆறு வேறு வேறாகத் தெரிவதுபோலத்தான் இந்த வகைகளும். ஆகவே, "எந்த வகை?" என்று கேட்ட பெற்றோருக்கு என் பதில்: கோப்பில் எழுதிய பெயரைப் பார்த்து நம்பிக்கை இழக்கவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். இன்று எந்த அறிகுறி எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள்.

இப்போது அறிகுறிகளை மூன்று தொகுதியாகப் பார்க்கிறோம். இருக்கக் கூடாதது கூடுதலாக வந்திருப்பது ஒன்று: மாயக் குரல்கள், அசைக்க முடியாத தவறான நம்பிக்கைகள், சிதறிய பேச்சு. இருக்க வேண்டியது குறைந்துபோவது இரண்டாவது: முனைப்பு, பேச்சு, உணர்ச்சி வெளிப்பாடு, பிறரோடு இருக்கும் விருப்பம். மூன்றாவது, கவனமும் நினைவும் திட்டமிடும் ஆற்றலும் தளர்வது. நான்கு பொருள் வாங்கிவரச் சொன்னால் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புவது இதனால்தான்.

குரல்களைப் பற்றிச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல விரும்புகிறேன். தான்யா லுர்மன் என்ற அமெரிக்க மானுடவியலாளரும் சென்னை, கானா நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. கலிஃபோர்னியாவின் சான் மாட்டியோவிலும் கானாவின் அக்ராவிலும் நம் சென்னையிலும், குரல் கேட்கும் இருபது இருபது பேரிடம் பேசினார்கள். அமெரிக்காவில் பலருக்குக் கேட்டது முகம் தெரியாத, வன்முறை பேசும் குரல். அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல். சென்னையில் பாதிப் பேருக்கு மேல் கேட்டது உறவுக்காரர்களின் குரல். அம்மா, மாமியார், அக்கா, கணவர். போய்க் குளி, சமையலைப் பார், கடைக்குப் போ என்று வீட்டு வேலை சொல்லும் குரல்கள். திட்டுகிற குரல்களும் உண்டு, புத்தி சொல்கிற குரல்களும் உண்டு. நோய் மூளையில் வருகிறது. ஆனால் அது பேசுகிற பேச்சை நம் வீட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் ஒருவருக்குக் குரல் கேட்டால், "என்ன சொல்லுது? யார் குரல் மாதிரி இருக்கு? உன்னையோ மத்தவங்களையோ ஏதாவது பண்ணிக்கச் சொல்லுதா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதால் நோய் கூடாது. கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குரல் கேட்டால் எப்படியும் ஒரு நாள் மருத்துவமனைக்கு வந்துவிடுவீர்கள். ஒருவர் கத்தினால், ஓடினால், அடித்தால், ஊரே சேர்ந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறது. என் கவலை, இருக்க வேண்டியது குறைந்துபோகும் அந்த இரண்டாவது தொகுதி. பிளாய்லர் நூறாண்டுகளுக்கு முன்பே ஒன்று சொன்னார்: குரலும் தவறான நம்பிக்கையும் இந்த நோயின் துணை அறிகுறிகள், உணர்வும் சிந்தனையும் விருப்பமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதுதான் அடிப்படை. அவர் சொன்னது எல்லாம் இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. இந்த ஒன்றை மட்டும் என் புறநோயாளிப் பிரிவில் தினமும் பார்க்கிறேன். குரல் அடங்கியிருக்கும். சந்தேகம் போயிருக்கும். மருந்துச் சீட்டில் நான் "முன்னேற்றம்" என்று எழுதியிருப்பேன். அம்மா மட்டும் நின்றுகொண்டே இருப்பார். "எல்லாம் சரிதான் டாக்டர். ஆனா எம்புள்ள இன்னும் திரும்பி வரலையே" என்பார். அந்தத் தாய் சொல்வதுதான் சரியான நோய்க்கணிப்பு. ஒருவரை வேலையிலிருந்தும் உறவிலிருந்தும் பல ஆண்டுகள் ஒதுக்கிவைப்பது இந்தக் குறைவு அறிகுறிகளே. நாம் கையில் வைத்திருக்கும் மருந்துகள் இவற்றுக்குப் பெரிதாக உதவுவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காரணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100க்குச் சுமார் 10. மீதி 90 பேருக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டுவதில்லை. பிறப்பின்போது ஏற்படும் சிக்கல், சிறுவயதுக் கொடுமைகள் போன்றவையும் பங்கு வகிக்கின்றன. பதின்ம வயதிலேயே கஞ்சா பழகுவது தெளிவாக ஆபத்தைக் கூட்டுகிறது. பள்ளி வாசல் வரை அது வந்துவிட்ட இந்நாளில் பெற்றோரும் ஆசிரியர்களும் இதை வாய்விட்டுப் பேச வேண்டும். மூளைக்குள் டோபமின் என்ற வேதிப்பொருளின் இயக்கம் மிகைப்படுகிறது. எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று குறித்துக்காட்டுவது அதன் வேலைகளில் ஒன்று. அது மிகைப்படும்போது தெருவில் கேட்ட ஹாரன், யாரோ இருமியது, பத்திரிகையில் ஒரு தலைப்பு எல்லாமே தனக்கு விடுக்கப்பட்ட சைகையாகத் தோன்றுகிறது.

வளர்த்த விதத்தால் இந்த நோய் வருவதில்லை. 1940களின் இறுதியில் அமெரிக்காவில், தாயின் குணமே பிள்ளைக்கு இந்த நோயை வரவழைக்கிறது என்று ஒரு கருத்து கிளம்பியது. ஒரு தலைமுறைத் தாய்மார்களை அது குற்றவாளிகளாக்கியது. பின்னர் ஆய்வுகள் அதைத் தள்ளுபடி செய்துவிட்டன. நம் ஊர்க் குடும்பக் கூட்டங்களில் அது இன்னும் தள்ளுபடியாகவில்லை. "உன் செல்லம்தான் இதுக்குக் காரணம்" என்று ஒரு தாயைச் சொல்வதை இன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி வைத்தியம். 1952இல் பாரிஸில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து இந்த நோயில் வேலை செய்வதை நிறுவினார்கள். ஆயுள் முழுக்க விடுதியில் அடைபட்டிருந்த ஏராளமானோர் வீடு திரும்ப வழி பிறந்தது. இன்று பல மருந்துகள் இருக்கின்றன. பெரும்பாலானவை டோபமினின் செயலைக் குறைப்பவை. உடல் எடை கூடுதல், கை நடுக்கம், தூக்கம், மாதவிடாய் நின்றுபோதல் என்று பக்கவிளைவுகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் நோயாளி மூன்றாம் மாதம் தானாகவே நிறுத்திவிடுவார். நிறுத்தினால் என்ன ஆகிறது? 1999இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முதல்முறை நோய் வந்து தேறியவர்களில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. பக்கவிளைவு தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் சண்டை போட்டாவது மருந்தை மாற்றச் சொல்லுங்கள். மாத்திரையை ஜன்னல் வழியே எறியாதீர்கள். தினமும் மாத்திரை போட முடியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடுகிற ஊசியும் இருக்கிறது.

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் கேட்கவில்லை என்றால் குளோசபின் என்ற பெயரை நீங்களே எடுங்கள். 1975இல் பின்லாந்தில் இந்த மருந்தால் ரத்த வெள்ளணுக்கள் குறைந்து சிலர் இறந்தார்கள். பல நாடுகள் அதை ஒதுக்கிவைத்தன. 1988இல் ஜான் கேன் குழுவினர், வேறு மருந்துகள் எதற்கும் கேட்காத நோயாளிகளிடம் சோதித்தபோது 100க்கு 30 பேருக்குப் பலன் தெரிந்தது. ஒப்பிட்ட பழைய மருந்தில் 4 பேருக்குத்தான் தெரிந்தது. தொடக்க மாதங்களில் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் பாதுகாப்பாகத் தரலாம். அந்தப் பரிசோதனைக்குச் சலித்துக்கொண்டு, பத்து ஆண்டுகளாக உதவாத மருந்தையே மாற்றி மாற்றிக் கொடுப்பது நோயாளிக்குச் செய்கிற அநியாயம். என் துறையினரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குரல் அடங்கிய மறு மாதங்களை யாரும் கவனிப்பதில்லை. தெளிவு வந்ததும், தன் வகுப்புத் தோழர்கள் எங்கே இருக்கிறார்கள், தான் எங்கே நின்றுவிட்டோம் என்பது அந்த இளைஞருக்குத் தெரிகிறது. மனம் உடைகிறது. இந்த நோயுள்ளவர்களில் 100க்கு ஏறத்தாழ 5 பேர் தற்கொலையில் இறக்கிறார்கள். தேறிவருகிற காலத்தில்தான் பக்கத்தில் ஆள் வேண்டும். உடம்பையும் பார்க்க வேண்டும்: சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம். இந்த நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட முன்னதாகவே இறக்கும் வாய்ப்பு இரண்டிலிருந்து மூன்று மடங்கு. பெரும்பாலும் உடல் நோய்களால்தான்.

"ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்." இந்த ஒரு வாக்கியம் நம் நாட்டில் செய்த கேட்டை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. நோயை மறைத்துக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பே மாத்திரை நிறுத்தம். மூன்றாம் மாதம் நோய் திரும்பி, பெண் பிறந்த வீட்டு வாசலில். சென்னையில் ஆர். தாராவும் குழுவினரும் இப்படிக் கைவிடப்பட்ட பெண்களைச் சந்தித்துச் செய்த ஆய்வில், மனநோய் என்ற அவப்பெயரைவிட வாழாவெட்டி என்ற அவப்பெயரே அந்தப் பெண்களையும் பெற்றோரையும் அதிகம் வாட்டியது தெரிந்தது. மணம் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நோய் கட்டுக்குள் இருக்கட்டும். அவருக்கே விருப்பம் இருக்கட்டும். எதிர்த் தரப்புக்கு எல்லாம் தெரிந்திருக்கட்டும். அப்படி நடந்து நன்றாக வாழ்கிற தம்பதிகள் பலர் இருக்கிறார்கள்.

வீட்டுக் காற்றும் மருந்துதான். லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் அவருடன் பணிசெய்தவர்களும், ஓயாத குற்றங்குறையும் வெறுப்பும் அளவுக்கு மீறிய பொத்திவைப்பும் நிறைந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களிடம் நோய் விரைவாகத் திரும்புவதைக் கண்டார்கள். சண்டிகரில் அதே முறையில் பார்த்தபோது அத்தகைய வீடுகள் லண்டனைவிடக் குறைவாக இருந்தன. இந்தியாவில் இந்த நோய் தேறுவது அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகள் சொன்னதற்கு இதை ஒரு காரணமாகக் காட்டுவார்கள். அந்த முடிவைக் கேள்வி கேட்ட ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் நம் ஊரிலேயே நடந்த ஒன்றை மறுக்க முடியாது. 1980களின் தொடக்கத்தில் சென்னையில் முதல்முறை நோய் வந்த 90 பேரைத் தேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தார்கள். பத்தாண்டு முடிவில் தொடர்பில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குரலோ தவறான நம்பிக்கையோ இல்லை. இது தேறக்கூடிய நோய்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம் மண்ணில்தான் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழி தெரியாத அண்ணன்களும் அப்பாக்களும். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. இன்று 2017ஆம் ஆண்டுச் சட்டம், மனநோயாளி எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அரசு செலவில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. உடல் நோய்க்கு உள்ளதுபோல மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சான்றிதழ் வாங்கி உதவிகளைக் கேட்கலாம். வெட்கப்பட்டு வாங்காமல் இருப்பவர்களே அதிகம்.

சரி, மெல்ல மெல்லப் பின்வாங்கும் அந்த அமைதியான முகத்துக்கு என்ன மருந்து என்று கேட்பீர்கள். மருத்துவர் எம். சாரதா மேனன் வாழ்க்கையில் அதற்குப் பதில் இருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படுகிறவர். 1961இலிருந்து 1978 வரை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் தலைவராக இருந்தார். ஓய்வுக்குப் பிறகு, 1984இல், இந்த நோய்க்காகவே ஸ்கார்ஃப் என்ற ஆய்வு அறக்கட்டளையைச் சென்னையில் தொடங்கினார். 98 வயதில், 2021இல் மறைந்தார். மருந்து கொடுத்து அனுப்பினால் போதாது, பகலில் போக ஓர் இடம் வேண்டும், செய்ய ஒரு வேலை வேண்டும், பழகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே அவர் வலியுறுத்திய வழி. மறுவாழ்வுப் பயிற்சியே குறைவு அறிகுறிகளுக்கு நம்மிடம் இருக்கும் சிறந்த சிகிச்சை. வீட்டிலும் செய்யலாம். பல் துலக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, கடைக்குப் போய் ஒரு பால் பாக்கெட் வாங்கிவருவது என்று ஒரு நாளைக்கு ஒன்று. செய்ததும் "நல்லா செஞ்சே" என்று ஒரு சொல். செய்யவில்லை என்றால் திட்டாமல், மறுநாள் மீண்டும். கடை வைத்திருப்பவர்கள், சிறு ஆலை நடத்துகிறவர்கள் இந்த அவையில் இருந்தால் அவர்களிடம் கேட்கிறேன்: மருந்து எடுத்துத் தேறிவரும் ஒருவருக்கு அரைநாள் வேலை கொடுங்கள். எந்த மாத்திரையும் செய்யாததை அது செய்யும்.

மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்து இலவசம். பிள்ளை வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டுமாவது போய்ப் பேசுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவைக்கு 14416 என்ற எண். இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. ஆறு மாதமாக நண்பர்களை விட்டு, படிப்பை விட்டு, குளிப்பதையும் விட்டு உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒருமுறை காட்டிவிடுங்கள். கத்துகிறவருக்காக மட்டுமல்லாமல், யாருக்கும் தொந்தரவு தராமல் அறைக்குள்ளேயே இருக்கிற அந்தப் பிள்ளைக்காகவும் அந்த எண்ணை அழையுங்கள்.